ஸ்டெனோ மின்னலின் வயிறு

நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போது யார் வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம். பக்கத்து அறையில் இன்னொரு வழக்கு இருக்கிறது என்று வக்கீல் நழுவுவார். காவலர் போன் பேசப் போவார். பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் காபி குடிக்கப் போவார்கள். நீதிபதிக்கே அசதி தட்டினால் பத்து நிமிடம் ஒத்திவைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அசையக் கூடாத ஆள் ஒருவர்தான். மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டை ஒட்டி, சின்ன மேசையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கும் ஸ்டெனோ. சாட்சி வாயைத் திறந்தால் அவர் கை ஓட வேண்டும். அவர் கை நின்றால் வழக்கே நின்ற மாதிரி.

அந்த மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவர் இவர். நிமிடத்துக்கு நூற்று நாற்பது சொல் எடுப்பார் என்பதால் அலுவலகத்தில் மின்னல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. "எழுதுறதுல மட்டுமா மின்னல்? மணி ஒண்ணு அடிச்சா ஆளையே காணோம்" என்று பதிவறையில் வேலை பார்க்கும் நண்பர் கேலி செய்வார். தலைக்கனம் பிடித்த மனிதர், நம்மோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட மாட்டார் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் எங்கே ஓடுகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மனிதர் ஒன்பது வருடம் மறைத்தார்.

நாற்பதாவது வயதில் ஒரு கோடையில் கடுமையான வயிற்றுப்போக்கு வந்து ஒரு வாரம் படுத்தார். அது நின்றுவிட்டது. ஆனால் வயிறு மட்டும் பழைய வயிறாகத் திரும்பவே இல்லை. அடிவயிற்றில் முறுக்கிப் பிடிக்கும். கழிப்பறைக்குப் போய் வந்தால் கொஞ்சம் விடும். அரை மணி கழித்து மறுபடியும் பிடிக்கும். மூன்று நாள் தண்ணீராகப் போகும், அடுத்த இரண்டு நாள் கல்லாகக் கட்டிக்கொள்ளும். சாயங்காலம் ஆனால் வயிறு உப்பி, பெல்ட்டில் இரண்டு ஓட்டை தளர்த்த வேண்டியிருக்கும். வேலைக்குப் போகிற வழியில் எத்தனை சிக்னல் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. எத்தனை கழிப்பறை, எது எத்தனை மணிக்குத் திறக்கும், எதில் தாழ்ப்பாள் கிடையாது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார்.

பார்க்காத வைத்தியம் இல்லை. ரத்தம், மலம், ஸ்கேன், குழாய்க்குள் கேமரா வைத்து உள்ளே விட்டுப் பார்ப்பது, எல்லாம் ஆயிற்று. எல்லாக் காகிதத்திலும் ஒரே தீர்ப்புதான்: ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய மனிதர் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். கூடப் பிறந்த அண்ணன், எல்லாம் மனசுதான், சும்மா யோசித்துக்கொண்டே இருக்காதே என்று புத்தி சொன்னார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அண்ணனுக்கு வந்திருந்தால் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பார், அது வேறு கதை.

கடைசியில் தனக்குத் தானே வைத்தியரானார். வெறும் வயிறு இருந்தால் வம்பு இல்லை என்று ஒரு கணக்குப் போட்டார். காலையில் சாப்பிடுவதை நிறுத்தினார். பசி தெரியாமல் இருக்கப் பால் இல்லாத காபி இரண்டு டம்ளர். சாட்சி விசாரணை இருக்கிற நாளில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய கட்டுகிற மாத்திரை இரண்டு. அது மூன்று நாளைக்குக் கட்டிப்போடும், பிறகு இளக்குகிற மாத்திரை. ஆளும் துரும்பாக இளைக்க ஆரம்பித்தார்.

அவருடைய மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்துக்கு உதவியாளர். குடுவைகளைக் கழுவி, எதை எப்போது எதில் ஊற்றினோம் என்று எழுதி வைக்கிற வேலை. புருஷன் மறைக்கிறாரே என்று பத்துத் தடவை சண்டை போட்டும் பயன் இல்லை. பதினோராவது தடவை சண்டை போடவில்லை. குடல் மருத்துவரிடம் நேரம் வாங்கி, தன் வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்து, அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த மருத்துவர் அம்மா அவசரப்படவில்லை. பழைய காகிதங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மலத்தில் ரத்தம் போனதா, தூக்கத்தில் வலி எழுப்புகிறதா, குடும்பத்தில் குடல் புற்றுநோய் யாருக்காவது உண்டா என்று விசாரித்தார். எடை குறைந்ததற்குக் காரணம் பட்டினிதான் என்று உறுதி செய்துகொள்ள மறுபடியும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். அதுவும் சரியாக வந்த பிறகு நோய்க்குப் பெயர் சொன்னார்: ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய். குடலைத் திறந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், அது வேலை செய்கிற விதத்தில்தான் கோளாறு என்றார். குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓயாமல் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறதாம். ஒரு தடவை பெரிய வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு சிலருக்கு அந்தப் பேச்சு கூச்சலாகிவிடுகிறதாம். அடுத்தவர் உணரக்கூட மாட்டாத வயிற்றுக் காற்று இவருக்குக் கத்தியாகக் குத்துமாம். புற்றுநோயாக இது மாறாது. ஒரே மாத்திரையில் ஒழியவும் ஒழியாது. ஆனால் கட்டுக்குள் வைத்து வாழலாம்.

"ஸ்கேன்ல தெரியலன்னா வலி இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க" என்றார் மருத்துவர். "வலி நிஜம்தான்."

ஒன்பது வருடத்தில் இப்படி ஒருத்தர் சொல்லி அவர் கேட்டதில்லை. மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது, வேறொன்றுமில்லை.

பிறகு மருத்துவர் செய்ய வேண்டியதைச் சொன்னார். காலைச் சாப்பாட்டை விடவே கூடாது. நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, மென்று சாப்பிட வேண்டும். காபியைக் குறைக்க வேண்டும். ஓட்ஸ் மாதிரி குழைகிற நார்ச்சத்தை மெதுவாகக் கூட்டலாம். வெங்காயம், பூண்டு, பட்டாணி, பால் இவற்றைச் சில வாரம் மட்டும் நிறுத்திப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். பயந்துகொண்டு எல்லாவற்றையும் நிரந்தரமாக விட்டுவிடக் கூடாது. தினமும் நடை, மெதுவாக மூச்சு விடும் பயிற்சி, பிடிப்புக்கு ஒரு மாத்திரை. கட்டுகிற மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்கும் வேலை இனி வேண்டாம். என்ன சாப்பிட்டோம், எப்போது வலித்தது, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு இரண்டு மாதம் கழித்து வர வேண்டும்.

கிளம்பும்போது இன்னும் ஒன்று சொன்னார். "ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைங்க. வரும்போது எந்திரிச்சுப் போயிருங்க. நினைச்சா போகலாம்னு தெரிஞ்சாலே பாதி நாள் வராது."

மின்னல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எல்லாவற்றையும் செய்யவும் செய்தார், கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றைத் தவிர. வெங்காயத்தை விடு என்றால் விட்டார், காபியை விடு என்றால் முக்கால்வாசி விட்டார். வெட்கத்தை விடு என்றால் மட்டும் மனிதருக்கு முடியவில்லை. குறிப்பு நோட்டைக்கூடச் சுருக்கெழுத்தில்தான் எழுதினார். எனக்கும் புரியக் கூடாதா என்று மனைவி கேட்டாள். அவர் சிரித்து மழுப்பினார்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில் தேர்வு என்று மனைவி விடியும் முன்பே போய்விட்டாள். கவனிக்க ஆள் இல்லாத வீட்டில் பழைய புத்தி தலைதூக்கியது. சாப்பிடாமல் காபி மட்டும் குடித்துவிட்டு நீதிமன்றம் போனார். அன்றைக்கு ஒரு கிடங்குத் திருட்டு வழக்கு. கிடங்கிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயிருந்தன. அங்கே காவல் இருந்தவனைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். எதிர்ச்சாரியில் சாவிக்கடை வைத்திருக்கும் அம்மாள், விடிகாலையில் ஒரு ஆள் கம்பிச் சுருளைத் தள்ளுவண்டியில் ஏற்றியதைப் பார்த்தவள். அவள் ஒருத்திதான் சாட்சி. பதினொன்று பத்துக்கு அவள் பேச ஆரம்பித்தாள். பதினொன்று பதினைந்துக்கு மின்னலுக்கு வயிற்றைப் பிடித்தது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருந்தது. நெற்றி வேர்த்தது. கால் இரண்டையும் இறுக்கிக்கொண்டு எழுதினார். நீதிபதி பதினொன்று நாற்பதுக்கு எழுந்ததும் இவர் ஓடினார்.

எழுதியதை அப்போதே சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ஓடியவர் எங்கே படித்துக் காட்டுவது? மத்தியானம் நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தார். "படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்" என்று வழக்கமான கடைசி வரியையும் சேர்த்தார். சாவிக்கடை அம்மாள் கண்ணாடி கொண்டுவரவில்லை, கடையைப் பூட்டிவிட்டு வந்த அவசரம் வேறு. நாலு மணிக்குக் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். காவல்காரனுக்காக வந்த இலவச வக்கீல் பாதியிலேயே வேறு வழக்குக்குப் போயிருந்தார். அடுத்த மாதம் அந்த நீதிபதியும் மாற்றலாகிப் போனார்.

அதற்குப் பிறகு காவல்காரன் இரண்டு தடவை ஜாமீன் கேட்டான். இரண்டு தடவையும் தள்ளுபடி. கண்ணால் பார்த்த சாட்சி முகத்தைத் தெளிவாக அடையாளம் காட்டியிருக்கும் நிலையில் விட முடியாது என்ற உத்தரவைத் தட்டச்சு செய்தவரும் மின்னல்தான். இரண்டாவது தடவை அவன் கூண்டிலிருந்து, "அந்தம்மா அப்படிச் சொல்லலைங்க" என்று கத்தினான். காவலர் அவன் தோளை அமுக்கினார். எல்லாக் கைதியும் சொல்லுகிறதுதானே என்று மின்னல் நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

இரண்டு மாதம் முடிந்து மருத்துவரிடம் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, குறிப்பு நோட்டை எடுத்துவைத்து மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அவள் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். பால் பெரிய எதிரி இல்லை என்று தெரிந்தது. பூண்டு எதிரிதான். ஆனால் மோசமான நாட்களை எல்லாம் ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொன்று பளிச்சென்று தெரிந்தது. சாப்பாட்டை விட்ட நாளும் சாட்சி விசாரணை நாளும் ஒன்றாக வந்தால் தப்பாமல் வலி. அந்த நாட்களில் எந்த நேரம் ஆரம்பிக்கிறது என்று பார்த்தால் முன்னாலேயே மாத்திரை போடலாமே என்றாள் அவள். நல்ல யோசனை என்று பட்டது. திங்கட்கிழமை மத்தியானம் பதிவறையில் தன் பழைய சுருக்கெழுத்து நோட்டுகளை எடுத்துப் பிரித்தார். வலி வந்த நேரத்தில் அவர் கையெழுத்து சிறுத்துப் போகும், அதை வைத்து நேரம் கண்டுபிடிக்கலாம்.

அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் வந்து நின்றார்.

சுருக்கெழுத்தில் ஒரு வசதி உண்டு. திரும்பத் திரும்ப வருகிற வாசகத்துக்கு ஒரே வீச்சில் ஒரு கோடு வைத்துக்கொள்வார்கள். "குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் பார்த்தேன், அவர் முகம் எனக்கு அடையாளம் தெரியும்" என்பது நீதிமன்றத்தில் தினமும் நாலு தடவை வருகிற வாசகம். மின்னல் கையில் அது கொக்கி மாதிரி ஒரே கோடு. சாட்சி "பார்த்தேன்" என்று ஆரம்பித்தாலே கை அதற்குத் தயாராகிவிடும். அந்தப் பக்கத்தில் எழுத்து எறும்பாகச் சிறுத்து, கோணி, ஒரு இடத்தில் "சட்டை" என்ற சொல் பாதியில் நின்றிருந்தது. அதற்கு மேலேயே அந்தக் கொக்கி ஏறியிருந்தது. தட்டச்சு செய்தபோது அந்தப் பாதிச் சொல்லைக் கை பிசகியது என்று விட்டுவிட்டார்.

இப்போது அவருக்கு அந்த அம்மாளின் குரல் கேட்டது. தன் கையைத் தொட்டுக் காட்டிக்கொண்டே சொன்னாள்: சட்டையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை, அந்தச் சட்டை கிடங்கில் இருக்கிற நாலு பேரும் போடுகிற சட்டை. அவள் சொல்லி முடிப்பதற்குள் இவர் கை பழகிய பாட்டைப் பாடிவிட்டது. காதில் விழுந்தது மூளைக்குப் போகவில்லை, மூளை முழுக்க அடிவயிற்றில் இருந்தது.

நோட்டை மூடினார்.

உடனே போய்ச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். இல்லை. பதினோரு நாள் சும்மா இருந்தார். அதை மூடி மறைக்க எனக்கு மனசு இல்லை. பதிவறை நண்பரிடம் மட்டும், யாரோ ஒருவருக்கு நடந்த மாதிரி கேட்டுப் பார்த்தார். நண்பர் விவரமான ஆள், புரிந்துகொண்டார். "சாட்சி கையெழுத்துப் போட்டாச்சு, ஜட்ஜ் போயாச்சு. சும்மா போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க" என்றார். வேலை போகும் என்ற பயம் மின்னலுக்கு இருந்தது, இல்லாமல் என்ன? ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. ஏன் தப்பாக எழுதினாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நாலு பேர் நடுவில், அந்த அறையில், அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். ஒரு மனிதன் உள்ளே கிடப்பதைவிட அது இவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. வெட்கம் என்பது அவ்வளவு கேவலமான சாமான்.

பத்தாவது நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு, "வலிச்சதுக்கு நீங்க பொறுப்பில்ல. இப்போ சும்மா இருக்கீங்களே, இதுக்குப் பொறுப்பு" என்றாள். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, சாப்பிட்டுவிட்டு யோசிக்கச் சொன்னாள். வெறும் வயிற்றோடு எடுத்த முடிவுகள் போதும் என்றாள்.

மறுநாள் புது நீதிபதி அம்மாவின் அறைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனார். உடல்நலக் குறைவால் பிழை நேர்ந்தது என்று ஒரு கடிதம் எழுதியிருந்தார். நீதிபதி கடிதத்தைப் படித்தார், நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இது ஒரு மனிதனின் விடுதலை விஷயம், கடிதத்தில் தீராது என்றார். கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். என்ன குறைவு, ஏன் பிழை என்று எல்லாம் பதிவாக வேண்டும்.

இருபத்திரண்டு வருடம் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் வெள்ளிக்கிழமை அதற்குள் ஏறி நின்றார். அவருடைய மேசையில் பக்கத்து நீதிமன்ற ஸ்டெனோ வந்து உட்கார்ந்திருந்தார். அரசு வக்கீல் கோபமாக இருந்தார், அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. மாதக்கணக்கில் இல்லாத ஞானம் இப்போது எங்கிருந்து வந்தது, யாராவது உங்களைப் பிடித்தார்களா என்று கேட்டார். அந்த நேரத்தில் எழுத முடியாத அளவுக்கு அப்படி என்ன வியாதி என்று கேட்டார். மின்னல் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் குடல்ல ஒரு நோய் இருக்குங்க. ஒன்பது வருஷமா இருக்கு. அன்னைக்கு அவசரமா கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. எந்திரிச்சுப் போகணும்னு கேக்க வெட்கமா இருந்தது, அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். காது கேட்டதை விட்டுட்டு, கை பழகினதை எழுதிட்டேன். படிச்சுக் காட்டுனதா எழுதுனதும் பொய். படிச்சுக் காட்டல."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார், சிரிப்பு அடங்கிவிட்டது. மேசையில் இருந்த ஸ்டெனோவின் பென்சில் ஒரு கணம் நின்றதை மின்னல் கவனித்தார். இதற்கெல்லாம் கையில் பழகிய கோடு கிடையாது. ஒவ்வொரு சொல்லாக எழுதினால்தான் உண்டு. அவர் எழுதி முடிக்கும்வரை மின்னல் காத்திருந்தார். பிறகு எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஆனவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னலுக்கு வேலை போகவில்லை. படித்துக் காட்டாமலே காட்டியதாக எழுதியதற்குக் கண்டனம் தெரிவித்துப் பணிப் பதிவேட்டில் எழுதினார்கள். வரவேண்டிய பதவி உயர்வு வராது என்று ஆனது. அவர் அதை எதிர்த்து ஒன்றும் எழுதவில்லை. ஸ்டெனோ கை தூக்கினால் சாட்சியை நிறுத்த வேண்டும், அவர் திரும்பி வந்த பிறகுதான் விசாரணை தொடர வேண்டும் என்று நீதிபதி வாய்மொழியாக உத்தரவு போட்டார். முதல் வாரம் இரண்டு தடவை கை தூக்கினார். அடுத்த வாரம் ஒரு தடவை. அதற்கடுத்த வாரம் தேவைப்படவே இல்லை. மருத்துவர் அம்மா சொன்னது அப்படியே பலித்தது. நோய் போய்விடவில்லை. வாரத்தில் ஐந்து கெட்ட நாள் இருந்தது, இப்போது ஒன்றோ இரண்டோதான். அலுவலகத்தில் மூன்று பேர், தனித்தனியாக, கதவைச் சாத்திவிட்டு, அந்த மருத்துவரின் விலாசம் கேட்டுப் போனார்கள். மூன்றாவது ஆள் அந்தப் பதிவறை நண்பர்.

அரசு வக்கீல் தேதி மேல் தேதி வாங்கியதில் இரண்டரை மாதம் கழித்துத்தான் சாவிக்கடை அம்மாளைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முகத்தைப் பார்க்கவே இல்லை, அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், பேப்பரில் வேறு மாதிரி இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று சத்தம் போட்டாள். அவள் வாக்குமூலத்தை மின்னலே எழுதினார். ஒவ்வொரு சொல்லாக எழுதிப் படித்துக் காட்டினார். சாட்சி கலைந்த பிறகு காவல்காரனை வைத்திருக்கக் காரணம் ஒன்றும் மிச்சம் இல்லை. அன்று மத்தியானமே ஜாமீன் கொடுத்தார்கள். வழக்கும் சீக்கிரமே தள்ளுபடி ஆகிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

சாயங்காலம் மூன்றரை மணி. காவல்காரன் உள்ளே ஜாமீன் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி வராந்தா பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்னல் அந்த வழியாகப் போகாமல் இருந்திருக்கலாம். போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று நாளாக வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தார். அவள் முன்னால் போய் நின்று கை கூப்பினார். அவள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். அவர் ஓரமாக உட்கார்ந்தார்.

அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் கேட்டாள்.

"வெளிய போயிட்டு வர எத்தனை நிமிஷம் ஆகுங்க?"

"எட்டு நிமிஷம். மிஞ்சிப்போனா பத்து."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். குழந்தை மடியில் கிடந்து குப்புற விழப் பார்த்தது, அதை நேராகப் பிடித்துக்கொண்டாள். "அந்த அம்மா சாட்சி சொன்ன மறுநாள் இவ பொறந்தா" என்றாள். "இன்னியோட நூத்தி முப்பது நாள். அவரு இன்னும் இவளைத் தூக்கல."

மின்னல் குழந்தையைப் பார்த்தார். கழுத்து நன்றாக நின்றிருந்தது. சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சிரித்தது. இதையும் சொல்லாமல் எழுந்து போனால் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"அதுல பதினோரு நாள், எனக்குத் தெரிஞ்சும் சும்மா இருந்தேம்மா."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அழுகிற மாதிரி இல்லை, திட்டுகிற மாதிரியும் இல்லை. பெஞ்சிலிருந்து எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டு, துண்டால் அதன் தலையை மூடிக்கொண்டு, வராந்தாவை விட்டு இறங்கிப் போய் வெயிலில் நின்றுகொண்டாள்.